கண்ணில் படாத தண்ணீரை எங்கே வரைவது?

தரவு மையத்தின் கூரைமேல் வரிசையாக நிற்கும் கூலிங் டவர்களிலிருந்து தண்ணீர் ஓயாமல் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. வெயில் ஏற ஏற அது அதிகமாகப் போகும். வெயில் ஏற ஏறக் கண்ணுக்குத் தெரியாமலும் போகும். பனிக்காலக் காலையில் டவரின் வாயில் சுருண்டெழும் வெண்புகையைப் பலரும் நீராவி என்பார்கள். உண்மையில் அது ஆவி குளிர்ந்து மறுபடி நுண்துளியாகிவிட்ட நீர். நீராவிக்கு நிறம் கிடையாது. நாற்பது டிகிரி வெயிலில், காற்று வறண்டு கிடக்கும் மதியத்தில், வெளியேறும் ஆவி துளியாகத் திரள வழியில்லை. அதனால் ஆண்டிலேயே மிக அதிகமாகத் தண்ணீர் போகும் நாளில் அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம்தான் தெரியும். தொழில்நுட்பத்தின் மறைநீரைப் பார்வைக்குக் கொண்டுவர நினைக்கும் கலைஞர் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான். நிஜ இடத்தின் மேலேயே இல்லாத ஒன்றை வரைந்து காட்டும் மிக்ஸட் ரியாலிட்டி, அதாவது கலப்பு மெய்மை, இந்த வேலைக்குப் பொருந்துவதும் இதனால்தான்.

தண்ணீர் ஏன் போகிறது என்பதற்கு விடை எளிது. சர்வருக்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தைக் கட்டடத்திலிருந்து வெளியேற்ற மலிவான வழி, தண்ணீரைத் தெளித்து அதில் ஒரு பங்கை ஆவியாக்குவது. மண்பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர வைக்கிறதே, அதே இயற்பியல்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு யூனிட் மின்சாரம் 3.6 மெகாஜூல். ஆக, ஒரு யூனிட் மின்சாரம் தந்த வெப்பத்தை ஆவியாதல் மூலம் மட்டுமே வெளியேற்றினால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் செலவாகும். ஆவி போனபின் டவரில் எஞ்சும் நீரில் உப்பு கூடிக்கொண்டே வரும் என்பதால், அவ்வப்போது ஒரு பகுதியைக் கழிவாகத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீரும் சேர்க்க வேண்டும். தரவு மையங்களின் திறனுக்கு அளவுகோல் வகுத்த 'தி கிரீன் கிரிட்' அமைப்பு, ஒரு யூனிட்டுக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கை 2011இல் அறிமுகப்படுத்தியது. மின்சாரத்துக்கான அளவுகோல் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 2007இலேயே வந்துவிட்டது. தண்ணீர் இந்தத் துறையின் கணக்குப் புத்தகத்தில் பிந்தித்தான் ஏறியது.

ஆவியான நீர் மழையாகத் திரும்பும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. திரும்பும். ஆனால் எங்கே, எப்போது என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்பிய தண்ணீர் வேறொரு நாட்டின் மேல் மழையாக விழுந்தால், அதை எடுத்த ஊரின் கணக்கில் அது செலவுதான். நீரியலில் எடுப்பையும் நுகர்வையும் பிரித்துப் பேசுவது இதற்காகத்தான்: எடுத்தது எல்லாம் எடுப்பு, அதில் ஆவியாகவோ வேறு வழியிலோ அந்த வடிநிலத்தை விட்டே போய்விடுவது நுகர்வு.

கண்ணுக்குத் தெரியாமல் போவது ஒரு வகை மறைவு. தொலைவால் வரும் மறைவு இன்னொன்று. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023இல் அந்நாட்டுத் தரவு மையங்கள் நேரடியாக நுகர்ந்த நீர் சுமார் 6,600 கோடி லிட்டர். அவற்றுக்கு மின்சாரம் தந்த நிலையங்களின் கணக்கில் சேர்வது ஏறத்தாழ 80,000 கோடி லிட்டர், அதாவது பன்னிரண்டு மடங்கு. அனல், அணு மின்நிலையங்களின் கூலிங் டவர்கள் குடிக்கும் நீர் இதில் வருகிறது. நீர்மின் அணையில் வெயிலில் ஆவியாவதை மின்சாரத்தின் தலையில் கட்டுவது சரியா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் பெரும்பங்கு நீர், பயனர் ஒருபோதும் பார்க்காத, தரவு மையத்தின் ஊழியரும் பார்க்காத ஓர் ஆற்றங்கரையில்தான் போகிறது. அதற்கும் முன்னால் சிப் ஆலை இருக்கிறது. சிப் செதுக்கப்படும் சிலிக்கான் தகடான வேஃபரைக் கழுவும் நீரில் உப்பும் தூசியும் ஏறக்குறைய சுழியமாக இருக்க வேண்டும். சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பல கட்டமாக வடித்தால்தான் அந்தத் தூய்மை கிடைக்கும். சிப் ஆலைகள் நிறைந்த தைவானில் 2020இல் ஒரு புயல்கூடக் கரை ஏறவில்லை. 2021இல் அரை நூற்றாண்டில் காணாத வறட்சி வந்தது. அரசு 74,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட வயல்களுக்குப் பாசனத்தை நிறுத்தி விவசாயிகளுக்கு இழப்பீடு கொடுத்தது. சிப் தயாரிக்கும் டிஎஸ்எம்சி நிறுவனம் தன் ஆலைகளுக்கு லாரிகளில் தண்ணீர் வரவழைத்தது. நீர் எங்கே இருந்து எங்கே போகிறது என்பது அந்தச் சில மாதங்களில் மட்டும் யாருடைய உதவியும் இல்லாமல் சாலையில் தெரிந்தது.

மூன்றாவது மறைவு ஒப்பந்தத்தால் வருவது. இதற்கு அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கும் தி டால்ஸ் என்ற சிற்றூரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. கூகுள் சொந்தமாகக் கட்டிய முதல் தரவு மையம் 2006இல் அங்கேதான் திறக்கப்பட்டது. 2021இல், அந்த மையம் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று 'தி ஆரகோனியன்' நாளிதழ் நகராட்சியிடம் கேட்டது. அது வணிக ரகசியம் என்று சொல்லி நகராட்சி மறுத்தது. மாவட்ட அரசு வழக்கறிஞர் தகவலைக் கொடுக்கச் சொன்னபோது, நகராட்சி அந்த நாளிதழின் மீதே வழக்குப் போட்டது. வழக்கு ஓராண்டுக்கு மேல் இழுத்து 2022 டிசம்பரில் உடன்பாட்டில் முடிந்தது. வெளிவந்த கணக்கு: 2021இல் சுமார் 104 கோடி லிட்டர். நகரத்தின் மொத்தப் பயன்பாட்டில் கால் பங்குக்கும் மேல். சுமார் 16,000 பேர் வாழும் ஊர் அது. இந்த மூன்றாவது மறைவை எந்த ஹெட்செட்டாலும் கிழிக்க முடியாது. எண்ணை யாராவது நீதிமன்றத்திலிருந்து வாங்கி வர வேண்டும். கலைஞரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

இல்லாததை நிஜத்தின் மேல் வரையும் கலைக்கு ஹெட்செட்டுக்கு முந்தைய மரபு ஒன்று இருக்கிறது. இந்தப் பொருளுக்கு அந்த மரபே அடித்தளம். 2007இல் ஈவ் மோஷர் என்ற கலைஞர் நியூயார்க்கில் கடல்மட்டத்துக்குப் பத்தடி மேலான உயரம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் தரையில் நீலக் கோடு போட்டுக்கொண்டே நடந்தார். பேஸ்பால் மைதானத்தில் கோடு போடும் வண்டிதான் அவர் கருவி. 2015இல் டான் ரோசகார்ட, ஆம்ஸ்டர்டாமின் மியூசியம்பிளைன் சதுக்கத்தின்மேல் நீல ஒளியால் ஒரு நீர்ப்பரப்பை மிதக்கவிட்டார். அணைக்கரைகள் இல்லாவிட்டால் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதை மக்கள் அதன் அடியில் நடந்தே தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் தொழில்நுட்பத்தின் நீருக்கு மிக நெருங்கிய முன்னோடி ஹெல்சின்கியில் நடந்த 'நுவாஜ் வேர்', அதாவது பசுமை மேகம். ஹெலன் எவன்ஸ், ஹைகோ ஹான்சன் இருவரும் 'ஹேஹே' என்ற பெயரில் இயங்குகிறார்கள். 2008 பிப்ரவரியில் அவர்கள் சல்மிசாரி நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து எழுந்த வெண்மேகத்தின் விளிம்பைப் பச்சை லேசரால் இரவு வானில் வரைந்தார்கள். சுற்றுவட்டார மக்கள் மின்சாரத்தைக் குறைத்துப் பயன்படுத்தினால் பச்சை வடிவம் பெரிதாகும். மின்நிலையத்தின் மீட்டரிலிருந்து நிகழ்நேரத்தில் எண் வந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு ஆர்ஸ் எலெக்ட்ரானிக்காவின் தங்க நிக்கா பரிசு இதற்குக் கிடைத்தது. எண்ணை வாங்கியது, அது பிறந்த இடத்திலேயே வரைந்தது, பார்ப்பவரின் செயலுக்கு அதை அசையவிட்டது: பிற்காலக் கலப்பு மெய்மைக் கலை செய்ய விரும்பும் மூன்றும் இதில் முன்பே இருந்தன. இருந்தாலும் இதை அப்படியே அரிசோனாவின் கோடைக்குக் கொண்டுபோக முடியாது. பனிக்காலத்து ஹெல்சின்கியில் லேசர் விழ ஒரு மேகம் இருந்தது. ஃபீனிக்ஸ் நகர மதியத்தில் டவரின் வாயில் ஒன்றும் இருக்காது. ஒளி பட்டுத் திரும்பப் பொருள் இல்லாத இடத்தில், படத்தைப் பார்ப்பவரின் கண்ணருகில் உருவாக்குவதைத் தவிர வழியில்லை.

கண்ணருகில் உருவாக்குவதற்கும் பல படிகள் உண்டு. 1994இல் பால் மில்கிராமும் ஃபூமியோ கிஷினோவும் எழுதிய கட்டுரை, முழு நிஜத்தை ஒரு முனையிலும் முழு மெய்நிகரை மறு முனையிலும் வைத்து, இடைப்பட்ட எல்லாவற்றையும் கலப்பு மெய்மை என்று அழைத்தது. இன்று வழக்கில் கொஞ்சம் குறுகிய பொருளில்தான் புழங்குகிறது: வரையப்பட்ட பொருள் அறையின் சுவர், மேசை, தூண் எல்லாவற்றையும் அறிந்து நடந்துகொண்டால் அது கலப்பு மெய்மை. தண்ணீருக்கு இந்த அறிவு மிக அவசியம். மெய்நிகர் நாற்காலி தூணுக்கு முன்னால் தப்பாகத் தெரிந்தால் கண் மன்னித்துவிடும். தண்ணீர் தூணைச் சுற்றிக்கொண்டு போகாமல் அதன் ஊடே போனால் ஒரே நொடியில் நம்பிக்கை போய்விடும். எனவே கருவி முதலில் இடத்தை ஸ்கேன் செய்து முப்பரிமாண வலை ஒன்றைக் கட்டுகிறது. நீர் அந்த வலையைத் தொட்டு நிற்கிறது. ஒவ்வொரு துளியையும் கணக்கிட்டு ஓடவிடும் சிமுலேஷன் தலையில் மாட்டும் கருவிக்குப் பெரும் சுமை. பெரும்பாலான படைப்புகளில் தெரிவது அலையாடும் ஒரு மேற்பரப்பு மட்டுமே. அதன் கீழே ஒன்றும் இருக்காது.

கருவியின் வகையும் படைப்பின் தன்மையை மாற்றும். ஹோலோலென்ஸ் போன்ற கண்ணாடிகள் நிஜக் காட்சியின்மேல் ஒளியைக் கூட்டத்தான் செய்யும், குறைக்க முடியாது. அதனால் நிழலோ கருமையோ வராது. கருநீல ஆழம் அவற்றில் வெளுத்த நீலப் புகைபோலத் தெரியும், வெட்டவெளி வெயிலில் அதுவும் கரைந்துவிடும். மெட்டா குவெஸ்ட் 3, ஆப்பிள் விஷன் ப்ரோ போன்றவை கேமரா வழியாக நிஜத்தைப் படமெடுத்துத் திரையில் மறுபடி காட்டுபவை. அவற்றில் ஆழமான நீரைக் காட்டலாம், ஆனால் பார்ப்பவர் நிற்கும் இடம் ஒரு காணொளியாகிவிடுகிறது. வெட்டவெளிக்கு இன்றும் ஒத்துவருவது கையில் இருக்கும் போன்தான். மதிப்பு குறைந்த கருவியாகத் தோன்றினாலும், தரவு மையத்தின் வேலிக்கு வெளியே சாலையோரத்தில் நின்று பார்க்கப் போகும் பத்துப் பேரில் ஒன்பது பேரிடம் இருப்பது அதுதான்.

வேலிக்கு வெளியே நிற்பது என்பது இந்தக் கலையில் தற்செயல் அல்ல. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் பிபி நிறுவனத்தின் எண்ணெய்க் கசிவு நடந்துகொண்டிருந்தபோது மார்க் ஸ்க்வாரெக், ஜோசப் ஹாக்கிங் இருவரும் ஓர் ஐஃபோன் செயலி செய்தார்கள். பெட்ரோல் பங்கில் இருக்கும் பிபி நிறுவனச் சின்னத்தைப் போனில் பார்த்தால், அதிலிருந்து உடைந்த குழாய் ஒன்று முளைத்து எண்ணெயைக் கக்கும். நிறுவனத்தின் பெயர்ப்பலகையே படைப்பின் திறவுகோல் ஆயிற்று. யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. ஜான் ஜெரார்ட் வேறு வழியில் வேலி தாண்டினார். ஓக்லஹோமாவின் பிரையர் கிரீக்கில் உள்ள கூகுள் தரவு மையத்தைப் படமெடுக்க அனுமதி மறுக்கப்பட்டதும், ஹெலிகாப்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து மேலிருந்து படங்களை எடுத்தார். அவற்றைக் கொண்டு கட்டடத்தின் மெய்நிகர் இரட்டையை உருவாக்கினார். 'ஃபார்ம்' என்ற அந்த 2015ஆம் ஆண்டுப் படைப்பில் நிறுவனத்தின் விளம்பரப் படங்களில் வரும் வண்ணக் குழாய்களுக்கு இடமில்லை. டீசல் ஜெனரேட்டர்களும் கூலிங் டவர்களும் வரிசையாக நிற்கும் கட்டடத்தின் புறத்தோற்றம்தான் தெரிகிறது. தண்ணீரைப் பற்றிய படைப்பு என்று அது தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் தண்ணீர் வெளியேறும் உறுப்பைத் துல்லியமாகக் காட்டிய முதல் படைப்புகளில் அதுவும் ஒன்று.

தண்ணீரைக் கலப்பு மெய்மையில் பெரிய அளவில் காட்டியது மெல் சின்னின் 'அன்மூர்ட்'. 2018 கோடையில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் நின்று போனை உயர்த்தினாலோ ஹோலோலென்ஸை மாட்டிக்கொண்டாலோ, தலைக்கு மேலே படகுகளின் அடிப்பாகங்கள் நெரிசலாக வந்து மிதக்கும். பார்ப்பவர் நிற்பது கடலின் அடியில். கடல்மட்ட உயர்வைச் சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. அதற்குத் தொழில்நுட்பம் தந்த கூட்டாளி மைக்ரோசாஃப்ட். நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலையில், ஐயோவா மாநிலத்தின் வெஸ்ட் டி மாயினில் அதே நிறுவனத்தின் தரவு மையங்களுக்கு ஒரே மாதத்தில் சுமார் 4 கோடியே 35 லட்சம் லிட்டர் தண்ணீர் போனது. அவ்வூர் நீர் வாரியத்தின் அம்மாத விநியோகத்தில் ஏறத்தாழ ஆறு சதவீதம். செயற்கை நுண்ணறிவு மாடலான ஜிபிடி-4இன் பயிற்சி அங்கே முடிவதற்கு முந்தைய மாதம் அது. கலைக்குக் கருவி கொடுப்பவரும் கலை காட்ட வேண்டிய பொருளும் ஒரே கட்டடத்தில் இருப்பது இந்தத் துறையின் இயல்பு. அது குற்றச்சாட்டாகப் பேசப்பட வேண்டியதில்லை, ஆனால் மறைக்கவும் கூடாது.

'அன்மூர்ட்' காட்டுவது வெள்ளம். தரவு மையத்தின் தண்ணீரைக் காட்ட விரும்பும் பலரும் அதே மொழியைக் கடன் வாங்கி அறைக்குள் தண்ணீர் ஏறுவதாக வரைகிறார்கள். பார்க்கச் சுவையாக இருக்கும்; பொருளுக்குப் பொருந்தாது. இங்கே நடப்பது தண்ணீர் வருவது அல்ல, போவது. நீர்மட்டம் ஏறினால் பார்ப்பவருக்கு ஆபத்து தன் பக்கம் வருவதுபோலப் படும். உண்மையில் இழப்பு நடப்பது இன்னொருவரின் கிணற்றில். இறங்கும் மட்டத்தை, காய்ந்த ஏரியின் வெடிப்பை, குழாயில் குறையும் அழுத்தத்தை எப்படி வரைவது என்பது இன்னும் சரியாக விடை காணப்படாத கேள்வி. கூட்டி வரைவது கருவிக்கு எளிது. நிஜத்திலிருந்து ஒன்றைக் கழித்துக் காட்டுவது மிகக் கடினம்.

அளவை எந்த வடிவத்தில் காட்டுவது என்பதிலும் ஏமாற இடமுண்டு. 2023இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தைச் சேர்ந்த ஷாவ்லெய் ரென்னும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, ஜிபிடி-3ஐ அமெரிக்க மையங்களில் பயிற்றுவித்தால் அங்கேயே ஏழு லட்சம் லிட்டர் ஆவியாகும் என்று கணக்கிட்டது. இதை ஒரு கனசதுரமாக நிறுத்தினால் பக்கம் சுமார் ஒன்பது மீட்டர் வரும். வெஸ்ட் டி மாயினின் ஒரு மாதத் தண்ணீரை நிறுத்தினால் பக்கம் 35 மீட்டர். அளவில் அறுபது மடங்குக்கு மேல் வித்தியாசம். கண்ணுக்கு நான்கு மடங்கு உயரமான பெட்டியாக மட்டும் தெரியும். அதே இரண்டையும் ஒரு கால்பந்து மைதானத்தில் பரப்பினால் முதலாவது பத்து சென்டிமீட்டர், கணுக்கால் நனையும். இரண்டாவது ஆறு மீட்டர், மாடி வீடு மூழ்கும். உயரம் நேர்விகிதத்தில் கூடுவதால் பொய் சொல்லாது. தண்ணீரைக் கனசதுரமாகக் காட்டும் படைப்புகள் அழகாக இருந்தாலும் பெரிய எண்ணைச் சின்னதாக்கிவிடுகின்றன.

இதைவிடப் பெரிய சிக்கல், எதை ஒன்று என்று எண்ணுவது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு தண்ணீர் என்பதே செய்திகளில் அதிகம் புழங்கும் கணக்கு. ரென் குழுவின் மதிப்பீடு, நடுத்தர நீளமுள்ள 10 முதல் 50 விடைகளுக்கு அரை லிட்டர். 2025 ஆகஸ்டில் கூகுள் வெளியிட்ட கணக்கு, ஜெமினியின் இடைநிலை எழுத்துக் கேள்வி ஒன்றுக்கு 0.26 மில்லிலிட்டர், ஏறக்குறைய ஐந்து துளி. அப்படியானால் அரை லிட்டர் பாட்டில் 1,900 கேள்விகளுக்குக் காணும். இரண்டுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பதற்குக் காரணங்கள் உண்டு: மாடல் வேறு, ஆண்டு வேறு, கருவிகளின் திறன் வேறு. கூகுள் கணக்கில் மின்நிலையத்தின் தண்ணீர் சேரவில்லை. ரென் கணக்கில் சேர்ந்திருக்கிறது. மிஸ்ட்ரல் நிறுவனம் 2025 ஜூலையில் வெளியிட்ட வாழ்நாள் ஆய்வு, அதன் மாடலின் ஒரு பக்க விடைக்கு 45 மில்லிலிட்டர் என்றது. மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான விடைகள்.

போனின் அருகே ஒரு தண்ணீர் பாட்டில் மிதந்து, கேள்வி கேட்கக் கேட்கக் காலியாவதாக வரையும் யோசனை எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அதில் மூன்று குறைகள். எண் நிலையற்றது. பழி முழுவதும் கேள்வி கேட்டவர் தலையில் விழுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, தண்ணீர் எந்த ஊருடையது என்பது அழிந்துவிடுகிறது. பின்லாந்தின் ஹமினாவில் கூகுள் மையம் கடல்நீரால் குளிர்கிறது. பழைய காகித ஆலை ஒன்றின் சுரங்கக் குழாய் வழியாக அது வருகிறது. அங்கே போகும் ஒரு லிட்டரும் வறண்ட அரிசோனாவில் போகும் ஒரு லிட்டரும் ஒன்றல்ல. சீலேயின் சாந்தியாகோவை ஒட்டிய செரிய்யோஸில் கூகுள் திட்டமிட்ட மையம் நொடிக்கு 169 லிட்டர் நிலத்தடி நீர் கேட்டது. நீண்ட வறட்சியில் இருந்த ஊர்மக்கள் எதிர்த்தார்கள். 2024இல் சுற்றுச்சூழல் நீதிமன்றம் அனுமதியின் ஒரு பகுதியை ரத்து செய்தது. காற்றால் குளிர்விக்கும் முறையில் புதிதாகத் திட்டமிடுவதாக நிறுவனம் அறிவித்தது. அங்கே மக்களை எழுப்பியது பாட்டில் கணக்கு அல்ல. தங்கள் நிலத்தடியிலிருந்து நொடிக்கு நொடி போகப்போகும் நீர்.

எனவே இந்தக் கலைக்கு உகந்த அலகு ஊரும் நாளும்தான். ஊரின் குழாயில் அதிகத் தேவை இருக்கும் அந்த ஒரு கோடைநாளில், தரவு மையத்தின் பங்கு எவ்வளவு என்று வரைய வேண்டும். குடிநீர்க் கட்டமைப்புகள் வடிவமைக்கப்படுவதும் அந்த உச்ச நாளுக்காகத்தான். வெஸ்ட் டி மாயின் மையங்கள் வெளிவெப்பம் 29 டிகிரியைத் தாண்டினால்தான் குளிர்விக்கத் தண்ணீரைப் பயன்படுத்துகின்றன; அப்படிப்பட்ட இடத்தில் ஆண்டுச் சராசரி எடுத்தால் சிறிதாகத் தெரியும், ஜூலை மதியம் எடுத்தால் உண்மை தெரியும்.

வரைவதற்கான உருவமும் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் அது தண்ணீர் லாரியாகத்தான் இருக்க முடியும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டபோது, ஓஎம்ஆர் சாலையின் ஐடி வளாகங்கள் லாரித் தண்ணீரை நம்பி நின்றன. சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டருடன் ரயில் வந்தது. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி என்றால் அந்த நகரவாசிக்கு அதன் நீளமும் சத்தமும் விலையும் தெரியும். தி டால்ஸின் கணக்கை அந்த அலகுக்கு மாற்றினால் நாள்தோறும் சுமார் 240 லாரி. சென்னையிலும் தரவு மையங்கள் பெருகிவரும் நிலையில், சாலையில் நிற்கும் மெய்நிகர் லாரி வரிசையைவிட அங்கே பொருந்தும் உருவம் வேறில்லை. அதற்கு முதலில் எந்த மையம் எவ்வளவு எடுக்கிறது என்ற எண் பொதுவில் வர வேண்டும்.

எண் வெளிவருவதற்குச் சட்டம் கொஞ்சம் உதவத் தொடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு விதி, 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள தரவு மையங்கள் மின்சாரத்தோடு தண்ணீர்க் கணக்கையும் தர வேண்டும் என்கிறது. பொதுமக்களுக்கு வருவது தொகுத்த புள்ளிவிவரமே. ஒவ்வொரு கட்டடத்தின் கணக்கும் அல்ல. கலைஞருக்கு வேண்டியது கட்டடத்தின் கணக்கு. மாதாந்திர மீட்டர் ரசீது கிடைத்தால், அன்றைய வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் வானிலை நிலையத்திலிருந்து வாங்கி, நாளுக்கு நாள் எப்படிப் பிரிந்திருக்கும் என்று ஓரளவு மதிப்பிடலாம். அப்படி மதிப்பிட்டது என்பதைப் படைப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. நிகழ்நேர எண் என்று பாவனை செய்யும் மதிப்பீடு, ரகசியம் காக்கும் நிறுவனத்துக்குத்தான் வாதத்தை எடுத்துக் கொடுக்கும்.

குளிர்விப்பு முறை மாறிக்கொண்டிருப்பதும் படைப்பைச் சிக்கலாக்குகிறது. குளிர்விக்கத் தண்ணீரை ஆவியாக்காத மூடிய சுற்று வடிவமைப்பு புது மையங்களுக்கு வருகிறது என்று 2024 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஒரு மையத்துக்கு ஆண்டுக்கு 12.5 கோடி லிட்டருக்கு மேல் மிச்சம் என்பது அதன் கணக்கு. ஆவியாதலை விட்டுவிட்டால் அதே வெப்பத்தை மின்சாரத்தால் வெளியேற்ற வேண்டும். மின்சாரம் கொஞ்சம் கூடும். அந்த மின்சாரம் அனல்நிலையத்திலிருந்து வந்தால் தண்ணீர் கூரையிலிருந்து இடம்பெயர்ந்து ஆற்றங்கரைக்குப் போகிறது; சூரியப் பலகையிலிருந்து வந்தால் பெரும்பாலும் இல்லாமலே போகிறது. டவரை மட்டும் வரையும் படைப்பு இந்த வேறுபாட்டைப் பார்க்காது. தொலைவைக் காட்டும் வழிக்குக் கேட் கிராஃபோர்டும் விளாடன் ஜோலரும் 2018இல் வெளியிட்ட 'அனாடமி ஆஃப் ஆன் ஏஐ சிஸ்டம்' இன்னும் நல்ல மாதிரி: அமேசான் எக்கோ ஒலிபெருக்கி ஒன்றை நடுவில் வைத்து, லித்தியம் சுரங்கம் முதல் குப்பைமேடு வரை கோடுகளால் விரித்த மாபெரும் வரைபடம். அந்த வரைபடத்தைத் தரையில் விரித்து மேலே நடக்கவிட்டால், மின்நிலையம் எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில் என்று உடலால் உணரலாம். நிற்கும் இடத்திலிருந்து திசை காட்டுவது கலப்பு மெய்மைக்கு இயல்பாக வரும் வேலை.

படைப்பும் தண்ணீர் குடிக்கிறது என்பதை ஒதுக்கிவிட முடியாது. ஹெட்செட்டின் சிப்பும் வேஃபர் கழுவிய நீரில் பிறந்ததுதான். ஒரே இடத்தைப் பலர் ஒரே மாதிரிப் பார்க்க, ஸ்கேன் தகவல் பெரும்பாலும் ஏதோ ஒரு தரவு மையத்தில்தான் சேமிக்கப்படுகிறது. இதை ஒளிக்காமல் படைப்பின் பொறியாகவே மாற்றியவர் டமிகோ தீல். 2018இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியக மாடியில் அவரும் '/பி' என்ற கலைஞரும் வைத்த 'அன்எக்ஸ்பெக்டட் குரோத்', பிளாஸ்டிக் குப்பையில் வளரும் மெய்நிகர் பவளப்பாறை. பார்ப்பவர்கள் கூடக் கூடப் பவளம் வெளுத்துக்கொண்டே வரும். நீருக்கும் இதே விதியை வைக்கலாம்: போனை உயர்த்தும் ஒவ்வொருவரும் குளத்தின் மட்டத்தைக் கொஞ்சம் இறக்குவார். ஆனால் ஒரு பார்வைக்கு உண்மையில் ஆகும் செலவு சில துளிகளுக்குள்தான் இருக்கும் என்பதால், குளம் கண்முன்னே வற்றுவதாகக் காட்டினால் அது மிகை. சொல்லிவிட்டுச் செய்தால் உருவகம். சொல்லாமல் செய்தால் தவறான தகவல்.

இத்தகைய படைப்புகளின் ஆயுள் குறைவு. 2017இல் ஐஃபோனின் இயங்குதளம் பழைய 32-பிட் செயலிகளைக் கைவிட்டதும், புதுப்பிக்கப்படாத 2010 காலத்துச் செயலிகள் ஓடாமல் நின்றன. ஹோலோலென்ஸ் 2இன் உற்பத்தி 2024இல் முடிந்தது. அருங்காட்சியகங்கள் இப்போது கருவியை மட்டும் வாங்கி வைக்காமல் மூலநிரல், முப்பரிமாண மாதிரி, இடத்தின் ஸ்கேன், எண்களின் அட்டவணை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குகின்றன. தண்ணீரைப் பற்றிய படைப்பில் இவற்றுள் அட்டவணையே நீண்டு நிற்கும். அதை வைத்துக்கொண்டு அடுத்த கருவியில், அடுத்த கோடையின் எண்ணையும் சேர்த்து, அதே வேலியோரத்தில் மறுபடி வரைந்துவிடலாம்.